பேர் வெட்டும் கடையில்

வெள்ளகோவில் கடைவீதி, மதியம் மூன்று மணி.
பதினாறு எவர்சில்வர் டம்ளர்,
ஒரு தூக்குப்போசி.
பெற்றோர் கழகம் தந்தது இரண்டாயிரம்.
மீதியைப் பற்றிப் பேச வேண்டாம்.

"என்ன பேருங்க மேடம் வெட்டோணும்?"
என்றான் பையன், மெஷினைத் துடைத்தபடி.
நாளைக்கு ஆண்டு விழா என்றேன்,
பட்டியலை விரித்தேன்.

மரகதவல்லி, கணக்கு.
பெயரோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.
புரட்டாசியில் கை ஒடிந்தது அவருக்கு.
மாவுக்கட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு
இடது கையால் பலகையில் வட்டம் வரைந்தார்.
முட்டையாக வந்தது.
"முட்டைக்கு ஆரம் எவ்வளவுங்க டீச்சர்?"
என்றது கடைசி பெஞ்சு.
வகுப்பு முழுக்கத் தேறியது என்றால் பொய்.
மூன்று பேர் போனார்கள்,
துணைத்தேர்வில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.
ஒருவனை இன்னும் தேடுகிறார்,
ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்கூட்டியில்.

கிர்ர்ர் என்று எழுந்து அடங்கியது மெஷின்.

பொங்கியண்ணன், விளையாட்டு.
தாண்டுகுழிக்கு மணல் வாங்கக் காசில்லை.
நார் மில்லில் கெஞ்சி
ஒரு டெம்போ தேங்காய்த் தூள் கொட்டினார்.
பிள்ளைகள் பழுப்பு நிறமாக
அடுத்த பீரியடுக்கு வந்தார்கள், தும்மிக்கொண்டே.
எட்டாவது மௌனிகா
(பேருக்குத்தான் மௌனம்)
அதில் குதித்துக் குதித்து
மாவட்டத்தில் மூன்றாவது.

ஆரோக்கியமேரி, தமிழ்.
"மேரிக்கு எந்த 'ரி'ங்க?"
சின்ன ரி, தம்பி.
அவரிடம் படிக்கும் பிரதிமா பெஹெரா,
ஒடிசாவிலிருந்து விசைத்தறிக்கு வந்த வீட்டுப் பிள்ளை,
போன மாதம் என் அறை வாசலில் நின்றாள்.
அறிவிப்புப் பலகையில் 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தேன்.
"ஒரு ச் அதிகம் மேடம்" என்றாள்,
யாருக்கும் கேட்காமல்.
பதினெட்டு வருட உத்தியோகத்தில்
எனக்குக் கிடைத்த நல்ல ஆய்வறிக்கை அதுதான்.

எமிஸ் தளத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
கழிப்பறை எத்தனை என்று கேட்கும்,
எண் போடுவேன்.

"போசி யாருக்குங்க?"
மாராத்தாள் என்று வெட்டு.
"அவங்க என்ன பாடம்?"
அந்த அம்மா கழிப்பறை கழுவ வந்த பிறகுதான்
எங்கள் பெண்பிள்ளைகள்
பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள்.
பெரிய எழுத்தாகவே வெட்டு.

சித்ராதேவி, நடராஜமணி, வெண்ணிலா,
சமூக அறிவியல் குமரேசன்,
இன்னும் எட்டுப் பேர்.
அவர்களுக்கும் கதை உண்டு.
கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அப்துல் ரஷீத், அறிவியல்.
மெஷின் நின்றது.
"கட்டைக் குரல் ரஷீத் சாருங்களா?
பேட்டரில பல்பு எரிய வெச்சவரு?"
ஆமாம் என்றேன்.
வேறொன்றும் கேட்கவில்லை அவன்.
அந்த டம்ளருக்கு மட்டும்
நேரம் எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்,
எழுத்துப் பிழை இருக்குமோ என்று.
ரஷீத் சார் பெயரின் கீழே ஒரு சின்ன பல்பு.
அதற்கும் கீழே, கடுகளவில்:
அன்பளிப்பு ரெங்கராசு, 9-ஆ.

ஆறு வருடம் இருக்கும்.
நீண்ட நாள் வராதவன் என்று
வருகைப் பதிவேட்டில்
சிவப்பு மையால் கோடு போட்டவள் நான்.
முகம் ஞாபகம் இல்லை,
கோடு ஞாபகம் இருக்கிறது.
மீதிக் காசு எண்ணித் தரும்போது
அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கும்.

செங்காட்டுப்பாளையம் பிரிவு வந்தது.
பை இடித்து இடித்துச் சத்தம் போட்டது.
"பாத்து எறங்குங்க டீச்சர்" என்று
ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார் கண்டக்டர்.
நாளை மேடையில் பட்டியலை வாசிக்க வேண்டும்.
ஒரு பெயரைக் கையால் சேர்த்து எழுதினேன்,
பஸ் போன புழுதியில் நின்றபடி.